கார்டுகளை எடைக்குப் போடலாமா?

அன்புள்ள அம்மாவுக்கு,

நூலகவியல் படித்துவிட்டு, திருவல்லிக்கேணியில் ஒரு பழைய அறக்கட்டளை நூலகத்தைக் கணினிமயமாக்கும் வேலையில் இருக்கிறேன். நூலகங்களுக்கான கோஹா மென்பொருள்தான். நாலாயிரம் புத்தகங்களுக்கு டேட்டா என்ட்ரி முடிந்துவிட்டது. மரப் பெட்டிகளில் இருக்கும், புத்தக விவரம் எழுதிய கேட்லாக் கார்டுகளை எடைக்குப் போட்டுவிடலாம், இடத்தை அடைக்கிறது என்கிறார் செயலாளர். எனக்கும் அது சரியென்றே படுகிறது. ஒரு சொல்லைத் தட்டினால் எல்லாம் வந்து விழும் காலத்தில் கார்டுக்கு என்ன வேலை? நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் காலத்து முறைகளைக் கணினி எப்போதோ தாண்டிவிட்டதல்லவா? தொண்ணூறுகளில் இதே வேலையைச் செய்தவர் நீங்கள் என்பதால் கேட்கிறேன்.

ஒரு வாசகர், சென்னை

அன்புள்ள தம்பிக்கு,

போடாதீர்கள். செயலாளரிடம் ஆறு மாதம் தவணை கேளுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

நான் வேலை பார்த்த கல்லூரி நூலகத்துக்குத் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் முதல் கணினி வந்தது. மென்பொருள் சிடிஎஸ்/ஐசிஸ். யுனெஸ்கோ 1985-இல் சிறு கணினிகளுக்காக வெளியிட்டது. இந்திய நூலகங்களுக்கு, அரசின் அறிவியல் தகவல் அமைப்பான நிஸாட் வழியாகக் கிடைத்தது. எங்கள் கணினியில் தமிழ் எழுத்து வராது. தமிழ்ப் புத்தகங்களையும் ஆங்கில எழுத்தில்தான் தட்டினோம், மூன்று பேர் மாறி மாறி. 'திரு' என்று வந்தால் ஒருவர் டீக்கு அப்புறம் எச் போடுவார், இன்னொருவர் போடமாட்டார். 'பாரதி'க்கும் அதே கதை. இது ஒரு பெரிய விஷயமாகவே அன்று எங்களுக்குத் தோன்றவில்லை.

ஐசிஸ் புத்தகத் தகவலை ஓரிடத்தில் வைக்கும். தேடுவதற்கான சொற்களை அகர வரிசையில் தனியாக வைக்கும். புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் சொல்லடைவு இருக்கிறதே, அது மாதிரி. அந்தச் சொல்லடைவில் எழுத்துக்கு எழுத்து பொருந்தினால்தான் புத்தகம் வரும். சொல்லின் முன்பகுதியைத் தட்டி டாலர் குறி போட்டால், அப்படித் தொடங்குகிற எல்லாம் வரும். டாலர் குறியால் முடிந்தது அவ்வளவுதான். இரண்டாவது எழுத்திலேயே வேறுபட்டுப் போன சொல்லை அது எப்படிப் பிடிக்கும்?

ஒரு ஆய்வு மாணவர் வந்து, உங்கள் திருவல்லிக்கேணியைப் பற்றித்தான், பழைய புத்தகம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். எச் போட்டுத் தட்டினேன், டாலர் குறியும் போட்டேன். ஒன்றும் வரவில்லை. இல்லை என்று அனுப்பிவிட்டேன். மறுவாரம் அவர் மறுபடி வந்தார். நடைகூடத்தில் அப்போதும் நின்றிருந்த கார்டு பெட்டியைத் தானே இழுத்துப் பார்த்தார். சிவப்பு ரிப்பனில் தட்டச்சு செய்த ஒரு கார்டு: 'டிரிப்ளிகேன் — காண்க: திருவல்லிக்கேணி.' அந்தத் தலைப்புக்குப் போனால் இரண்டு புத்தகங்கள். இரண்டும் அலமாரியில் இருந்தன. கணினியில் ஒன்று எச் இல்லாமல் ஏறியிருந்தது, இன்னொன்று டிரிப்ளிகேன் என்று ஏறியிருந்தது. கார்டை எழுதிய பழைய நூலகர், ஒரு வாசகன் எந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவான் என்று முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தார். நாங்கள் புத்தகக் கார்டுகளை மட்டும் கணினியில் ஏற்றினோம். 'காண்க' கார்டுகளில் புத்தகம் எதுவும் இல்லை என்பதால் அவற்றை ஒதுக்கிவிட்டோம்.

அந்தக் கோடை விடுமுறையில் பெட்டிகள் பழைய பேப்பர்காரரிடம் போயின. நான் பக்கத்தில் நின்றும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்றுவரை உறுத்துகிறது.

நூலகத்துக்குள் கணினியை முதலில் கொண்டுவந்தவர்கள் இப்படிச் செய்யவில்லை. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில், புத்தகத் தகவலைக் கணினி படிக்கும்படி எழுதும் மார்க் வடிவத்தை உருவாக்கிய ஹென்றியெட் ஆவ்ரம் நூலகர் அல்லர், புரோகிராமர். ஒரு கார்டில் என்னவெல்லாம் இருக்கிறது, ஒவ்வொன்றும் எதற்காக இருக்கிறது என்று உட்கார்ந்து கற்றுக்கொண்ட பிறகுதான் அறுபதுகளில் அதை எண்ணிட்ட புலங்களாக, அதாவது தனித்தனிக் கட்டங்களாகப் பிரித்தார். 'காண்க'வுக்கும் பிறகு ஓர் இடம் வந்தது. பெயர்களுக்கென்றே தனிப் பதிவு, அதில் மாற்றுப் பெயர்களுக்கு 400 என்ற புலம். ஒஹையோவில் 1971-இல் தொடங்கிய, நூலகங்கள் பட்டியல்களைப் பகிர்ந்துகொள்ளும் ஓசிஎல்சி கணினி வலையின் முக்கிய வேலைகளில் ஒன்று கார்டு அச்சடித்துக் கொடுப்பது. கடைசிக் கார்டை அவர்கள் அச்சடித்தது 2015-இல்! மருத்துவத் தேடலையும் பாருங்கள். மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட்டில் 'ஹார்ட் அட்டாக்' என்று தட்டினால், அதன் மருத்துவப் பெயரான 'மையோகார்டியல் இன்ஃபார்க்ஷன்' என்ற தலைப்பையும் சேர்த்துத் தேடும். மெஷ் என்ற சொற்பட்டியலை யாரோ உட்கார்ந்து தொகுத்து, இன்றும் பராமரிக்கிறார்கள். அதுவும் ஒரு 'காண்க' கார்டுதான்.

ரங்கநாதனைப் பற்றிக் கேட்டீர்கள். சென்னைப் பல்கலைக்கழக நூலகத்துக்கு 1924-இல் வந்த கணித ஆசிரியர் அவர். 1933-இல் வெளிவந்த அவருடைய கோலன் பகுப்புமுறை ஒரு பொருளை இடம், காலம் போன்ற பல முகங்களாகப் பிரித்துப் பார்ப்பது. இங்கே உங்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதை மறைக்கமாட்டேன். இங்கிலாந்தில் கிரான்ஃபீல்டில் சிரில் கிளெவர்டன் 18,000 ஆவணங்களை வைத்து நான்கு தேடல் முறைகளைச் சோதித்தார். ரங்கநாதன் வழியில் வந்த பலமுகப் பகுப்பும் ஒன்று, தனித்தனிச் சொற்களை மட்டும் குறித்துவைக்கும் சாதாரண ஒற்றைச்சொல் முறையும் ஒன்று. நான்கும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் கண்டுபிடித்துக் கொடுத்தன. ரங்கநாதன் மேல் பக்தி கொண்ட எங்களுக்கு இது கசப்பான செய்திதான். ஆனால் தவறிப்போன தேடல்களைக் கிளெவர்டன் ஒவ்வொன்றாகக் கிளறிப் பார்த்தபோது, பெரும்பகுதிக்குக் காரணம் முறை அல்ல, ஆவணத்துக்குத் தலைப்புக் கொடுத்தவர் செய்த பிழை என்று தெரிந்தது. எந்த முறை என்பதைவிட, புத்தகத்தைக் கையில் எடுத்தவர் எவ்வளவு யோசித்தார் என்பதுதான் கணக்கு.

இப்போது தமிழிலேயே தட்டலாம், எச் தகராறு தீர்ந்தது. சரி. ஆனால் உங்கள் கோஹாவில் புத்தகத்தின் முழு வாசகம் எங்கே இருக்கிறது? தலைப்பும் ஆசிரியர் பெயரும் நாலைந்து சொற்களும்தானே. 'நாட்டார் வழக்காற்றியல்' என்று தேடுகிறவருக்கு 'நாட்டுப்புறவியல்' புத்தகம் வருமா? சொ. விருத்தாசலம் என்று தேடினால் புதுமைப்பித்தன் வருவாரா? மெட்ராஸ் என்றால் சென்னை வருமா? இன்று மாலையே தட்டிப் பாருங்கள்.

அப்புறம், செய்ய வேண்டியது இதுதான். பெட்டிகளில் இருந்து 'காண்க' கார்டுகளை மட்டும் முதலில் பிரித்தெடுங்கள். கார்டுகளைக் கோத்திருக்கும் கம்பியை உருவும்போது வரிசை கலையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் கோஹாவின் பெயர், பொருள் தலைப்புப் பதிவுகளில் 400 வரிசைப் புலங்களில் ஏற்றுங்கள். அந்தத் தலைப்புகளையும் தேடலில் சேர்க்க அமைப்புகளில் ஒரு தேர்வு உண்டு. அதை இயக்கி, தேடல் அட்டவணையை மறுபடி உருவாக்குங்கள். பிறகு முதன்மைக் கார்டுகளின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அந்தப் புத்தகத்துக்கு வேறு என்னென்ன தலைப்புகளில் கார்டு போட்டார்கள் என்று அங்கே வரிசையாக எழுதியிருக்கும். பென்சில் குறிப்பு இருந்தால் அதையும் விடாதீர்கள்.

சனிக்கிழமைகளில் எனக்கு வேலை இல்லை. வீடும் பக்கத்தில், இராயப்பேட்டையில்தான். சொன்னால் வந்து உங்களோடு உட்கார்ந்து பிரித்துக் கொடுக்கிறேன்.