தொங்கு நாடாளுமன்றம் வந்தால் இங்கிலாந்து ராஜா தனக்குப் பிடித்தவரைப் பிரதமர் ஆக்க முடியுமா? தோற்ற பிரதமரை ஏன் உடனே அனுப்புவதில்லை?

முடியாது. முறைப்படி பிரதமரை நியமிப்பது ராஜாதான். ஆனால் யாரை என்பதைக் கட்சிகள் தங்களுக்குள் பேசி முடித்த பிறகுதான் விஷயம் அரண்மனைக்குப் போக வேண்டும். அதுவரை அவர் ஒரு பக்கமும் சாயக்கூடாது, ஒரு வார்த்தையும் விடக்கூடாது. அவருடைய வேலையே அதுதான்.

நீங்கள் குரூப் 1 தேர்வுக்குத் தயார் ஆகிறீர்கள் என்று நினைக்கிறேன். முதல் பாதிக்கு எந்தப் புத்தகத்திலும் பதில் கிடைக்கும். இரண்டாவது பாதிதான் என்னை எழுத வைத்தது, ஏனென்றால் அதே கேள்வியை என்னிடம் திருப்பூரில் கேட்டிருக்கிறார்கள்.

2010 மே மாதம். ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தேன். எங்கள் ஆர்டரில் பெரும்பகுதி இங்கிலாந்துக்கு, விலையெல்லாம் பவுண்டில். அப்போது அங்கே ராஜா இல்லை, ராணி எலிசபெத். மே 6, வியாழக்கிழமை தேர்தல். மறுநாள் முடிவு வந்தபோது யாருக்கும் மெஜாரிட்டி இல்லை, அதுதான் தொங்கு நாடாளுமன்றம். 650 இடத்தில் 326 வேண்டும். கேமரூனின் கன்சர்வேடிவ் கட்சிக்கு 306, பிரதமராக இருந்த கார்டன் பிரவுனின் லேபருக்கு 258, நிக் கிளெக்கின் லிபரல் டெமாக்ரட்டுகளுக்கு 57. பவுண்டு இறங்க ஆரம்பித்தது. நூல் விலை வேறு ஏறிக்கொண்டிருந்த நேரம். முதலாளி டி.வி. முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

"ஏனுங் தம்பி, தோத்துப்போனவரு இன்னும் வீட்டைக் காலி பண்ணாம இருக்கறாரு. அந்தம்மா கூப்பிட்டு ஒரு வார்த்தை சொன்னா ஆகாதுங்களா?" என்று கேட்டார். கணக்கு பார்க்கும் அண்ணன், "நாற்காலி ஆசைங்க, வேறென்ன" என்றார்.

ஆசை இல்லை, அது கடமை என்று நான் சொன்னேன். ராணிக்கு ஆலோசனை சொல்ல எந்த நேரமும் ஒரு பிரதமர் இருந்தாக வேண்டும். வெள்ளிக்கிழமையே பிரவுன் ராஜினாமா செய்திருந்தால் அடுத்து யாரைக் கூப்பிடுவது? கேமரூனைக் கூப்பிட்டால், கிளெக் லேபர் பக்கம் போக வழி இருக்கும்போதே ராணி தானாக ஆளைத் தேர்ந்தெடுத்தது போல ஆகிவிடும். பிரவுன் உட்கார்ந்திருந்ததால்தான் அந்தச் சங்கடம் அரண்மனைக்கு வரவில்லை. அந்த இடைக்காலத்தில் பெரிய முடிவு எதுவும் எடுக்காமல் அன்றாட நிர்வாகத்தை மட்டும் பார்ப்பது மரபு. மெஜாரிட்டி இல்லாவிட்டால் என்ன செய்வது என்பதை அமைச்சரவைச் செயலாளர் கஸ் ஓ'டானல் தேர்தலுக்கு முன்பே எழுத்தில் தயார் செய்து வைத்திருந்தார். பேச்சுவார்த்தை கட்சிகளுக்குள். ராணியின் தனிச்செயலர் கிறிஸ்டோபர் கெய்ட், நடப்பதைத் தெரிந்துகொண்டு அவருக்குச் சொல்வார். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை பிரவுன் கட்சித் தலைமையிலிருந்து விலகுவதாக அறிவித்தார். "இப்பவாவது போறாரா?" என்றார் அண்ணன். இல்லை, கிளெக்கைத் தன் கட்சிப் பக்கம் இழுக்க அது கடைசி முயற்சி என்றேன். செவ்வாய்க்கிழமை, நம் ஊரில் நள்ளிரவு நெருங்கும் நேரத்தில், பிரவுன் அரண்மனைக்குப் புறப்பட்டார். ஒன்றரை மணி நேரத்துக்குள் கேமரூன் பிரதமர். லிபரல் டெமாக்ரட் கட்சி கூட்டணிக்கு முழு ஒப்புதல் தந்தது அதற்கும் பிறகுதான். இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்று கிளெக் கேட்டும் பிரவுன் பொறுக்கவில்லை. அவர்மேல் குறை சொல்வதானால் முன்கூட்டியே போனார் என்றுதான் சொல்ல முடியும்.

காலையில் முதலாளி எல்லோர் முன்னாலும், "தம்பி சொன்னபடியே ஆச்சுங்க" என்றார். அந்த வார்த்தையை நான் மறக்கவே மாட்டேன். காரணம் இருக்கிறது. நான் கோவையில் பி.ஏ. அரசியல் அறிவியல் படித்தவன். எங்கள் பக்கம் ரோட்டுக்கு ரோடு இன்ஜினியரிங் காலேஜ். பி.ஏ. என்றால் வேறு எதுவும் கிடைக்காமல் சேர்ந்தவன் என்று முடிவே கட்டிவிடுவார்கள். பொண்ணு பார்க்கப் போன வீட்டில், "அதைப் படிச்சு என்ன பண்றதுங்க?" என்று என் அம்மாவிடமே கேட்டார்கள். இன்றைக்கு என் தங்கை மகன் அதே படிப்பு வேண்டும் என்கிறான், வீட்டில் யாரும் அவனோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஒரு நாட்டில் ஆட்சி எப்படிக் கைமாறுகிறது என்று படிப்பது வீண் வேலையா? எனக்கு இது தாங்கவில்லை.

சரி, இப்போது சிலர் 1963-ஐ எடுத்துக்கொண்டு வருவார்கள். அன்றைக்குப் பதவி விலகிய கன்சர்வேடிவ் பிரதமர் மேக்மில்லன் ஆஸ்பத்திரியிலிருந்து சொன்ன யோசனைப்படி ராணி அதே கட்சியின் ஹியூமைப் பிரதமர் ஆக்கியது உண்மை, சர்ச்சையானதும் உண்மை. ஆனால் அது தேர்தல் முடிவால் வந்த குழப்பம் இல்லை, கட்சிக்குள் தலைவரைத் தேர்ந்தெடுக்க முறையில்லாததால் வந்தது. 1965-லேயே அந்தக் கட்சி வாக்கெடுப்புக்கு மாறிவிட்டது. சரியான உதாரணம் 1974 பிப்ரவரி. லேபர் 301, கன்சர்வேடிவ் 297. கன்சர்வேடிவ் பிரதமர் ஹீத் லிபரல்களிடம் பேசிப் பார்த்து, முடியாமல், மார்ச் 4-ல்தான் போனார். அதுவரை ராணி காத்திருந்தார்.

எல்லா ராஜாவும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. மலேசியாவில், பெரும்பான்மை ஆதரவு யாருக்கு இருக்கும் என்று மாமன்னருக்குத் தோன்றுகிறதோ அவரை நியமிக்கலாம் என்று அரசியல் சட்டமே சொல்கிறது. 2022 நவம்பரில் 222 இடத்தில் அன்வார் கூட்டணிக்கு 82-தான். இரண்டு பெரிய கூட்டணிகளும் சேர்ந்து ஆளலாமே என்று மாமன்னர் கேட்டார், மற்றக் கூட்டணியின் தலைவர் முகைதீன் மறுத்தார். மற்ற மாநிலங்களின் அரச ஆட்சியாளர்களிடமும் ஆலோசித்துவிட்டு நவம்பர் 24-ல் அன்வாரை நியமித்தார்.

நம் கவர்னர்களையும் இழுப்பீர்கள், தெரியும். கட்சிச் சண்டைக்கு நான் வரவில்லை, அதனால் பழைய கதை ஒன்று மட்டும். 1952-ல் சென்னை மாகாணத்தில் 375 இடத்தில் காங்கிரசுக்கு 152. பிரகாசம் தலைமையில் எதிர்க்கட்சிகள் உரிமை கோரி நிற்க, கவர்னர் ஸ்ரீபிரகாசா தேர்தலிலேயே நிற்காத ராஜாஜியைக் கூப்பிட்டார். எங்கள் அப்பாரு காங்கிரஸ்காரர். பொள்ளாச்சிப் பக்கத்து சி.சுப்பிரமணியம் அந்த மந்திரிசபையில் நிதியமைச்சர் ஆனதைப் பெருமையாகச் சொல்வார். அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனாலும் கவர்னர் செய்தது சரி என்று என்னால் சொல்ல முடியாது. பிரிட்டனில் 2010-ல் ராணி எதைச் செய்யாமல் இருந்தாரோ, அதைத்தான் அவர் செய்தார்.

தேர்வில் இந்தக் கேள்வி வந்தால் ஸ்வீடனையும் நெதர்லாந்தையும் சேர்த்து எழுதுங்கள். ஸ்வீடனில் 1974 அரசியல் சட்டப்படி பிரதமர் பெயரை முன்மொழிவது சபாநாயகர். நெதர்லாந்தில் 2012-லிருந்து கூட்டணிப் பேச்சை நடத்துபவரை நாடாளுமன்றமே நியமிக்கிறது. நெதர்லாந்து ராஜா நியமன ஆணையில் கையெழுத்துப் போட்டு, பதவியேற்பு நடத்தி வைப்பதோடு சரி. இதை அதிகம் பேர் எழுதுவதில்லை.