கோடு ஏன் கசிகிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிறந்தநாள் விழாக்களிலும் பள்ளி விழாக்களிலும் குழந்தைகளுக்கு முகத்தில் ஓவியம் வரைந்து தருகிறேன். ஸ்பாஞ்சால் அடிவண்ணம் பூசுவது கைக்கு வந்துவிட்டது. கறுப்புக் கோடு போடும்போதுதான் எல்லாம் கெடுகிறது. புலி வரைந்தால் வரிகள் ஓரத்தில் கசிந்து ஆரஞ்சோடு கலந்து அழுக்காகத் தெரிகின்றன. மெல்லிய கோடு வேண்டுமென்று பூஜ்ஜியம் எண் தூரிகை வாங்கினேன். அதில் கோடு பாதியிலேயே அறுந்துபோகிறது. கறுப்புக்குப் பக்கத்தில் வெள்ளை வைத்தால் சாம்பலாகிறது. கையும் நடுங்குகிறது. பேசாமல் ஐலைனர் பேனாவால் வரைந்துவிடலாமா? அடுத்த மாதம் ஒரு பள்ளி விழா. 3 மணி நேரத்தில் 40 குழந்தைகள். முழுப் புலி முகம் வேண்டுமாம்.

ஒரு வாசகி, சென்னை

அன்புள்ள தோழிக்கு,

கசிவு, அறுபடல், சாம்பல், நடுக்கம் என்று நான்கு குறைகளைச் சொல்கிறீர்கள். முதல் மூன்றும் தூரிகை முகத்தைத் தொடும் முன்பே முடிவாகிவிடுபவை. நடுக்கத்திலும் பாதி அப்படித்தான். ஆகவே கையைப் பற்றிக் கவலைப்படும் முன் தண்ணீரைப் பார்ப்போம்.

மாக்கோலம் போட்டிருப்பீர்கள். அரைத்த மாவு நீர்த்துப்போனால் இழை தரையில் பரவி விளிம்பு கலங்கிவிடும். கெட்டியாக இருந்தால் இழை விட்டுவிட்டு விழும். வண்ணக் கட்டியிலும் அதே கணக்குதான். கோட்டுக்கு வேண்டிய பதம், சுண்டக் காய்ச்சிய பால் போன்றது: தூரிகை நுனியிலிருந்து தானாக வழுக்கி இறங்க வேண்டும், ஆனால் சொட்டக் கூடாது.

அந்தப் பதம் வர, தூரிகையை நீரில் முக்கி, கிண்ண விளிம்பில் வழித்துவிட்டு, பூணை ஒரு துணியில் ஒற்றிக்கொள்ளுங்கள். முடியைப் பிடித்திருக்கும் அந்த உலோகப் பூணில் எப்போதும் ஒரு துளி நீர் தங்கியிருக்கும். நான்கு கோடு நன்றாக வந்து ஐந்தாவது திடீரென்று குளமாகிறதே, அந்தத் துளி இறங்கி வந்ததுதான் காரணம். பலர் இதைக் கை தவறியதாக நினைத்துக்கொள்கிறார்கள். பிறகு தூரிகையைக் கட்டியின் மேல் படுக்கவைத்து, வட்டமாக எட்டுப் பத்துச் சுற்றுச் சுற்றுங்கள். முடியின் மூன்றில் இரண்டு பங்கு வரை வண்ணம் ஏற வேண்டும். பூண் வரை ஏறக் கூடாது. கடைசியாக விரலிடையில் தூரிகையை உருட்டியபடியே கட்டியின் ஓரத்தில் இழுத்தால் நுனி கூராகும். வாயில் வைத்துக் கூராக்கும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள், அடுத்து அது ஒரு குழந்தையின் முகத்தில் படப்போகிறது. உங்கள் முன்கையில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். தோல் நிறம் தெரிந்தால் நீர் அதிகம். கோடு வறண்டு பிசிறடித்தால் நீர் போதவில்லை.

இப்போது பூஜ்ஜியம் எண் தூரிகைக்கு வருகிறேன். மெல்லிய கோட்டுக்கு மெல்லிய தூரிகை வேண்டும் என்பது இந்தக் கலையில் எல்லோரும் முதலில் செய்யும் தவறு. கோட்டின் மென்மை நுனியின் கூர்மையிலிருந்தும் கை அழுத்தத்திலிருந்தும் வருகிறது. வண்ணத்தைத் தேக்கி வைக்கும் பருத்த நடுப்பகுதிதான் தூரிகையின் வயிறு; பூஜ்ஜியத்துக்கு அந்த வயிறே கிடையாது. இரண்டு அங்குலம் போகும் முன் வண்ணம் தீர்ந்துவிடும். 2 ஆம் எண் வட்டத் தூரிகை, செயற்கை முடி, நனைத்தால் ஊசிபோல் கூடும் நுனி, விட்டால் நிமிர்ந்து நிற்கும் உறுதி: இது ஒன்று போதும், மயிரிழைக் கோடும் வரும், புலியின் மெல்லிய வரியும் வரும். தடித்த வரிகளுக்கு 4 ஆம் எண். கறுப்புக்கும் வெள்ளைக்கும் தனித்தனித் தூரிகை, தனித்தனிக் கிண்ணம் நீர். உங்கள் சாம்பல் நிறத்தில் பாதி இந்தக் கிண்ணத்திலிருந்து வருவது.

கசிவுக்கு இரண்டாவது காரணம் அடிவண்ணம். நீரில் கரையும் முக வண்ணங்களில் கிளிசரின் அதிகம் உள்ளவை ஒரு வகை, மெழுகு அதிகம் உள்ளவை இன்னொரு வகை. க்ரையோலான் அக்வாகலர், மெஹ்ரான் பாரடைஸ் ஆகியவை முதல் வகை. உல்ஃப், டைமண்ட் எஃப்எக்ஸ் ஆகியவற்றின் சாதாரணக் கட்டிகள் இரண்டாம் வகை. கிளிசரின் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் ஸ்பாஞ்சில் அது வழுவழுவென்று பரவுகிறது, தோலோடு சேர்ந்து நெளிகிறது. அதனாலேயே சென்னைக் காற்றில் முழுக்கக் காயாமல் பிசுபிசுவென்று நிற்கிறது, மேலே ஈரத் தூரிகை பட்டால் மறுபடி கரைகிறது. மெழுகு வகை காய்ந்தபின் அவ்வளவு எளிதில் கரையாது, விளிம்பும் கூர்மையாக நிற்கும். அடிவண்ணம் எதில் வேண்டுமானாலும் இருக்கட்டும், கறுப்பையும் வெள்ளையையும் மட்டும் மெழுகு வகையில் வாங்குங்கள். இந்த இரண்டு கட்டிகளில்தான் பணத்தைப் போட வேண்டும், மற்ற நிறங்களில் சிக்கனம் பார்க்கலாம். மெழுகு வகைக்கும் ஒரு குணம் உண்டு: தடித்துப் பூசினால் காய்ந்ததும் வெடிக்கும், அதுவும் வாயோரத்தில் முதலில்.

அடிவண்ணத்துக்கு ஸ்பாஞ்சை நனைத்துப் பிழியவே கூடாது. அதன் ஓரத்தில் இரண்டு முறை நீர் தெளித்தால் போதும். மெல்லிய ஒரு பூச்சு, ஒரு நிமிடம் விசிறல், பிறகு புறங்கையால் தொட்டுப் பார்த்து, ஒட்டாவிட்டால் கோடு. நெற்றி வியர்த்திருந்தால் டிஷ்யூவால் ஒற்றுங்கள், தேய்க்காதீர்கள். குழந்தைக்குத் தேங்காய் எண்ணெயோ க்ரீமோ தடவி அனுப்பியிருந்தால், முகத்தைத் துடைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்; எண்ணெய் மேல் நீர் வண்ணம் திட்டுத்திட்டாகத்தான் நிற்கும்.

இனிப் புலி வரி. அதன் உயிர் ஒரு முனையில் தடித்து மறுமுனையில் மயிரிழையாக முடிவதில் இருக்கிறது. நெற்றியில் தலைமுடி தொடங்கும் இடத்தருகே தூரிகையை அழுத்தி வயிற்றை விரியவிடுங்கள், நெற்றி நடுவை நோக்கி இழுங்கள், இழுத்துக்கொண்டே தூக்குங்கள். கடைசி அரை அங்குலத்தில் நுனி மட்டும் தொடும்போது தூரிகை முகத்துக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்திருந்தால் நுனி வரவே வராது. கன்னத்திலும் அப்படியே, காதுப் பக்கமிருந்து மூக்கை நோக்கி. இழுப்பது எப்போதும் உங்கள் பக்கமாகவோ பக்கவாட்டிலோ இருக்கட்டும். முன்னோக்கித் தள்ளினால் முடி பிளக்கும். ஒரு வரி ஒரே இழுப்பில் முடிய வேண்டும். சரியில்லை என்று அதன் மேலேயே திரும்பப் போனால் அடிவண்ணம் கிளம்பிவந்து கலந்துவிடும். கோணலாக விழுந்ததா, பக்கத்தில் இன்னொரு வரி போட்டுவிடுங்கள், புலிக்கு எத்தனை வரி என்று யாரும் எண்ணுவதில்லை.

வெள்ளையைக் கறுப்பு நன்றாகக் காய்ந்தபின், கறுப்பைத் தொடாமல், ஒரு நூலளவு இடைவெளி விட்டு வையுங்கள். அந்த இடைவெளிதான் இரண்டையும் பளிச்சென்று காட்டுகிறது. வெள்ளை கறுப்பைவிடச் சற்றுக் கெட்டியான பதத்தில் இருக்கட்டும். ஒரே தொடல், உடனே எடுப்பு.

நடுக்கத்துக்குப் பிறவித் திறமை எல்லாம் காரணமில்லை. காற்றில் நிற்கும் எந்தக் கையும் நடுங்கும். சுண்டுவிரலில் ஒரு பவுடர் பஃபை மாட்டி அதைக் குழந்தையின் தாடையிலோ கன்னத்திலோ ஊன்றுங்கள். வண்ணமும் கலையாது, குழந்தை அசைந்தால் உங்கள் கையும் சேர்ந்து அசையும். மறு உள்ளங்கை தலை உச்சியில். குழந்தையின் முகம் உங்கள் மார்பு உயரத்துக்கு வருமாறு நாற்காலியை வையுங்கள். தூரிகை நுனியையே பார்த்துக்கொண்டிருந்தால் கோடு நெளியும், போய்ச் சேர வேண்டிய இடத்தைப் பாருங்கள். மிக மெதுவாகப் போனாலும் நெளியும். பயிற்சிக்குக் காகிதம் வேண்டாம், அது நீரைக் குடித்துப் பொய்யான பதத்தைக் காட்டும். லேமினேட் செய்த அட்டையில் தினமும் பத்து நிமிடம் கண்ணீர்த்துளி வடிவம் வரைந்து துடைத்துவிடுங்கள்.

கண்ணருகே வரையும்போது "தூங்குற மாதிரி கண்ணை மூடு" என்று சொல்லுங்கள். "இறுக்கி மூடு" என்றால் தோல் சுருங்கும், திறந்ததும் கோடு துண்டு துண்டாகும். சிரிக்கும் கன்னத்தில் போட்ட கோடும் சிரிப்பு அடங்கியதும் இடம் மாறிவிடும்.

ஐலைனர் பேனா வேண்டாம். அதன் நுனி அடிவண்ணத்தை உறிஞ்சிச் சில நிமிடங்களில் அடைத்துக்கொள்ளும் என்பது சின்னக் காரணம். ஒரு குழந்தையின் கண்ணிலிருந்து அடுத்த குழந்தைக்குப் போகும் முன் அதைக் கழுவ முடியாது என்பதுதான் பெரிய காரணம். கைவினைக்கான அக்ரிலிக் வண்ணமும் கூடாது. அதன் மேல் நச்சற்றது என்று அச்சிட்டிருப்பதால் அது தோலுக்கானது ஆகிவிடாது. ஒளிரும் நியான் நிறங்களைக் கண்ணைச் சுற்றித் தவிர்த்துவிடுங்கள். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அழகுசாதனங்களுக்கு அனுமதித்திருக்கும் ஒளிரும் நிறமிகளில் ஒன்றுக்குக்கூடக் கண் பகுதிக்கு அனுமதி இல்லை. புண், கட்டி, கண் சிவப்பு இருக்கும் குழந்தைக்கு முகத்தை விட்டுவிட்டுக் கையில் வரைந்து கொடுங்கள்.

40 குழந்தைகள், 180 நிமிடங்கள் என்றால் ஒருவருக்கு நாலரை நிமிடம். அதில் உட்காரவைப்பதும் கண்ணாடி காட்டுவதும் அடக்கம். முழுப் புலி முகத்தை அந்த நேரத்தில் அவசரமாகத்தான் செய்ய முடியும், அவசரத்தில் முதலில் சாவது கோடுதான். பள்ளியிடம் இப்போதே பேசி, புருவத்துக்கு மேல் மட்டும் அடிவண்ணம் பூசிய புலி என்று மாற்றிக்கொள்ளுங்கள்: நெற்றியில் ஆரஞ்சு, புருவத்தின் மேல் வெள்ளை, மேலிருந்து ஐந்து வரி, பக்கத்துக்கு இரண்டு வரி, மூக்கு நுனியில் கறுப்பு, மேலுதட்டின் மேல் மூன்று மூன்று புள்ளி. நெற்றி பூசியதும் மூக்கையும் புள்ளிகளையும் முதலில் வையுங்கள், அதற்குள் நெற்றி காய்ந்திருக்கும். ஆளுக்கொன்றாக 40 ஸ்பாஞ்சுத் துண்டுகளையும், கழுவிக் காயவிட்டு மாற்றிக்கொள்ள ஆறு தூரிகைகளையும் எடுத்துப் போங்கள். பத்துக் குழந்தைக்கு ஒருமுறை கிண்ண நீரை மாற்றுங்கள். வீடு திரும்பியதும் கட்டிகளைத் திறந்தே வைத்து இரவு முழுக்கக் காயவிட்டு மூடுங்கள், ஈரத்தோடு மூடினால் பூஞ்சை பிடிக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்