இரவு நேர லேப் செலவு: கேட்டவர்களுக்குப் பதில்

நிர்வாகி ஒருவர்: எங்களுடையது 80 படுக்கை மருத்துவமனை. இரவு லேப்பில் இரண்டு டெக்னீஷியன்கள். மாதிரிகள் குறைவுதான். ஒருவரை எடுத்துவிடலாமா?

எத்தனை மாதிரி என்பதைவிட எத்தனை மணிக்கு வருகிறது என்று பாருங்கள். மூன்று மாதப் பதிவேட்டை மணிவாரியாகப் பிரித்து எழுதுங்கள். நான் வேலை பார்த்த இடங்களில் இரவு 11 வரை ஓட்டம், பிறகு அமைதி, விடியற்காலை 5 மணிக்கு வார்டுகளிலிருந்து குவியல். உங்களுக்கும் அப்படியென்றால், இரண்டாமவரை 11 மணிக்கு அனுப்பிவிட்டு, காலை ஷிப்டில் ஒருவரை 5 மணிக்கே வரச் சொல்லலாம். ஆனால் நோயாளிக்கு ஏற்றும் ரத்தம் பொருந்துமா என்று பார்ப்பதும் அதே ஆள்தான் என்றால் கைவைக்காதீர்கள். பிரசவ அறையில் ரத்தப்போக்கு, அவசரப் பிரிவில் நெஞ்சுவலி. தனி ஆள் எதை முதலில் பார்ப்பார்?

டெக்னீஷியன்: எல்லாப் படிவத்திலும் ‘அவசரம்’. இரவு 2 மணிக்கு டி.எஸ்.ஹெச். என்ற தைராய்டு பரிசோதனை கேட்கிறார்கள் ஐயா. மறுத்தால் சண்டை.

நீங்கள் மறுக்கவே கூடாது தம்பி. அது உங்கள் வேலையல்ல. இரவில் செய்யும் பரிசோதனைகளின் பட்டியலில் மருத்துவர்களே கையெழுத்திட வேண்டும். பொட்டாசியம், சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனின், ரத்த அணுக்கள், ரத்த வகை இருக்கட்டும். ஹெச்.பி.ஏ.1.சி. இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் கணக்கு. காலை வரை குளிர்பெட்டியில் இருந்தால் கெடாது. ஒற்றை டி.எஸ்.ஹெச். மாதிரிக்காக முதலில் கருவி சரியா என்று பார்க்க இரண்டு கன்ட்ரோல் மாதிரி ஓட்டுகிறீர்களே, பரிசோதனைக்கான ரசாயனம், ரீஏஜென்ட், அங்கேதான் கரைகிறது. நோயாளிக்குத் தைராய்டு நெருக்கடி என்று சந்தேகமா? மருத்துவர் லேப் மருத்துவரிடம் தொலைபேசியில் பேசட்டும், உடனே செய்யுங்கள். பேசியாக வேண்டும் என்றதுமே பாதி ‘அவசரம்’ மறைந்துவிடும்!

அவசரப் பிரிவு மருத்துவர்: அவசரப் பிரிவிலேயே ரத்தம் பரிசோதிக்கும் கையடக்கக் கருவி வாங்கினால் இரவு லேப்பே வேண்டாம் என்கிறார் விற்பனையாளர்.

அவர் அப்படித்தான் சொல்வார். கருவியின் விலையை விடுங்கள், அதில் போடும் பரிசோதனை கேட்ரிட்ஜின் விலையையும் காலாவதித் தேதியையும் கேளுங்கள். ரத்த வாயு, பொட்டாசியம், லாக்டேட் நிமிடங்களில் கிடைப்பது பெரிய உதவிதான். ஆனால் முழு ரத்தத்தில் அணுக்கள் உடைந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. பொட்டாசியம் பொய்யாக ஏறி நிற்கும். லேப்பில் சீரம் சிவந்திருப்பதே காட்டிக்கொடுத்துவிடும்.

செவிலியர் கண்காணிப்பாளர்: செலவே இல்லாமல் தொடங்க வழி உண்டா?

உண்டு அம்மா. கையில் மருந்து ஏற்றப் போட்ட வென்ஃப்ளான் குழாயிலிருந்து சிரிஞ்சால் வேகமாக இழுத்த ரத்தம்தான் பெரும்பாலும் உடைந்து வருகிறது. அதே பரிசோதனை, மறுபடியும் குழாய், மறுபடியும் ஊசி. இந்த வாரம் எந்த வார்டிலிருந்து எத்தனை மாதிரி திரும்பிப்போனது என்று எண்ணச் சொல்லுங்கள்.