நிமிர்கோண வடிவமைப்பு என்றால் என்ன? இரண்டு துண்டுகள் அழிந்தால் அது கெட்டுவிடுமா?

கிளிநொச்சியில் நெற் பரிசோதனை செய்யும் மாணவர் ஒருவரின் கேள்வி இது. யூரியாவின் அளவையும் விதைநெல்லின் அளவையும் ஒரே பரிசோதனையில் மாற்றிப் பார்க்கிறார். நான்கு தொகுதிகள், ஒவ்வொன்றிலும் நான்கு வயல் துண்டுகள். வடிவமைப்பு நிமிர்கோணமானது என்று மேற்பார்வையாளர் சொன்னதன் பொருள் விளங்கவில்லை என்கிறார். அதற்கிடையில் கட்டாக்காலி மாடுகள் இரண்டு துண்டுகளை மேய்ந்துவிட்டன. இனி என்ன செய்வது என்றும் கேட்கிறார்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நிமிர்கோணத் தன்மை விளைச்சலின் குணமன்று, எந்தத் துண்டுக்கு எதைக் கொடுத்தோம் என்ற அட்டவணையின் குணம். ஆகவே ஒரு நெல்மணி விளைவதற்கு முன்பே, தாளை வைத்துக்கொண்டு அதைச் சரிபார்த்துவிடலாம். அதிக யூரியாவுக்கு +1, குறைந்த யூரியாவுக்கு −1 என்று ஒரு நிரலையும், விதைநெல்லுக்கு அதேபோல இன்னொரு நிரலையும் எழுதுங்கள். ஒவ்வொரு நிரலும் கூட்டினால் பூச்சியமாகி, இரு நிரல்களையும் துண்டுக்குத் துண்டு பெருக்கிக் கூட்டினாலும் பூச்சியம் வந்தால், அவை நிமிர்கோணமானவை. உயர்தரத்தில் படித்த காவிகளின் (vectors) எண்ணிப் பெருக்கம் நினைவிருந்தால், இது அதே கணக்குத்தான். கோணம் இருப்பது வயலில் அன்று, நிரல்களுக்கிடையில்.

இதன் பயனைக் காட்ட ஒரு கற்பனைக் கணக்குப் போதும். இரண்டும் குறைவாக உள்ள துண்டு 20 கிலோ தருகிறது, யூரியா கூடினால் 4 கிலோவும் விதை கூடினால் 2 கிலோவும் கூடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். நான்கு சேர்க்கைகளும் சம எண்ணிக்கையில் இருந்தால் அதிக யூரியாவின் சராசரி 25, குறைந்த யூரியாவின் சராசரி 21. வேறுபாடு சரியாக 4. விதைக்கும் அவ்வாறே 24, 22 என்று வந்து வேறுபாடு 2 ஆகிறது. இனி எட்டுத் துண்டுகளில், அதிக யூரியா பெற்ற நான்கில் மூன்றுக்கு அதிக விதையும், குறைந்த யூரியா பெற்ற நான்கில் ஒன்றுக்கு மட்டும் அதிக விதையும் இட்டதாகக் கொள்ளுங்கள். யூரியாவின் சராசரிகள் 25.5, 20.5 ஆகி வேறுபாடு 5 என்கின்றன. விதையின் சராசரிகள் 25, 21 ஆகி வேறுபாடு 4 என்கின்றன. பயிரில் எதுவும் மாறவில்லை, ஆனால் விதையின் விளைவு இருமடங்காகத் தோன்றுகிறது. யூரியாவின் பெயரில் வரவேண்டியதில் பாதி விதையின் கணக்கில் ஏறிவிட்டது.

பல காரணிகளின் விளைவுகளை ஒரே சமன்பாட்டில் மதிப்பிடும் பிற்செலவுப் பகுப்பாய்வு (regression) இந்தக் கலப்பைப் பிரித்துத் தந்துவிடும் என்று நீங்கள் சொல்லலாம். தரும், ஆனால் இலவசமாக அன்று. மேற்சொன்ன எட்டுத் துண்டுகளில் இரு நிரல்களுக்கும் இடையிலான இணைபு (correlation) 0.5, அதனால் மதிப்பீடுகளின் மாறற்றிறன், அதாவது அவை சிதறும் அளவு (variance), சமநிலையான அமைப்பில் இருப்பதைவிட மூன்றிலொரு பங்கு கூடுகிறது.

மாணவர் பலர் தடுமாறும் இடம் வேறொன்று. நிமிர்கோணமான வடிவமைப்பு என்றால் யூரியாவும் விதையும் ஒன்றையொன்று பாதிக்காது என்று அவர்கள் எழுதிவிடுகிறார்கள். அது முற்றிலும் வேறு விடயம். நெருக்கமாக விதைத்த வயலில் யூரியா வேறுவிதமாக வேலைசெய்யக்கூடும். அந்த இடைத்தாக்கத்தை அளப்பதற்கே இரு நிரல்களையும் பெருக்கி மூன்றாவது நிரலை உண்டாக்குகிறோம், அதுவும் மற்ற இரண்டுக்கும் நிமிர்கோணமாகவே அமைகிறது. ஆட்டக்காரி நெல்லினமா வேறு இனமா என்று மூன்றாவது காரணியையும் சேர்த்தால் எட்டுச் சேர்க்கைகள் வரும், அவற்றிலிருந்து ஏழு விளைவுகளைத் தனித்தனியே மதிப்பிடலாம். ஒவ்வொரு விளைவுக்கும் எட்டுத் துண்டுகளும் பயன்படுகின்றன. ஒரு நேரத்தில் ஒரு காரணியை மட்டும் மாற்றி, ஒவ்வொரு காரணியும் தனியே தரும் மூன்று முதன்மை விளைவுகளை அதே துல்லியத்துடன் அறிய 16 துண்டுகள் வேண்டும். நிலமும் நீரும் எண்ணிச் செலவிட வேண்டிய நம் பகுதியில் இந்த ஒரு காரணமே எனக்குப் போதுமானது.

இந்தச் சிந்தனை வயலிலிருந்தே வந்தது. 1919 இல் இங்கிலாந்தின் ரொதம்ஸ்டெட் விவசாய ஆய்வு நிலையத்தில் சேர்ந்த புள்ளிவிவரவியலாளர் பிஷரும், அவருக்குப் பின் யேற்ஸும் இதை வளர்த்தார்கள், 1940களில் இந்தியப் புள்ளிவிவரவியலாளர் சி. ஆர். ராவ் நிமிர்கோண அணிகளை, அதாவது இத்தகைய நிரல்களைக் கொண்ட அட்டவணைகளை, பொதுமைப்படுத்தினார். தொழிற்சாலைகளில் ஜப்பானியப் பொறியியலாளர் தகுச்சியின் பெயரால் வழங்கும் அட்டவணைகளும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. அவற்றில் துண்டுகள் குறையக் குறைய முதன்மை விளைவும் இடைத்தாக்கமும் ஒரே நிரலில் ஒட்டிக்கொள்ளும் என்பதை மறக்கக்கூடாது.

தொகுதிகளுக்கும் இதே விதிதான். வாய்க்கால் வாயருகில் உள்ள துண்டுகள் கடைமடைத் துண்டுகளைப் போல இருக்கமாட்டா. ஆனால் ஒவ்வொரு தொகுதியிலும் நான்கு சேர்க்கைகளும் ஒவ்வொரு முறை இருந்தால் அந்த வேறுபாடு யூரியாவின் கணக்கிலோ விதையின் கணக்கிலோ ஏறாது. தொகுதிக்குள் எதை எங்கே இடுவது என்பதை எழுமாற்றாகவே தீர்மானிக்க வேண்டும். நிமிர்கோணத் தன்மை அதற்கு மாற்றீடன்று.

இப்போது மாடுகளின் விடயத்துக்கு வருவோம். ஒரு தொகுதி முழுவதுமே அழிந்திருந்தால் மிச்சம் மூன்று தொகுதிகளும் நிமிர்கோணமாகவே இருந்திருக்கும். துல்லியம் மட்டும் குறையும். அழிந்தவை இரண்டே துண்டுகள் என்பதால் அந்தச் சமநிலை குலைந்துவிட்டது. அவற்றுக்குப் பூச்சியம் என்று எழுதாதீர்கள், தரவு இல்லை என்று விடுங்கள். மாறற்றிறன் பகுப்பாய்வில் (ANOVA) எந்தக் காரணியை முதலில் இடுகிறீர்கள் என்பதற்கேற்ப, ஒவ்வொரு காரணியின் பங்கையும் காட்டும் வர்க்கங்களின் கூட்டுத்தொகை இனி மாறும். ஆர் (R) என்ற புள்ளிவிவர மென்பொருள் இயல்பாகத் தருவது இவ்வாறு வரிசையைச் சார்ந்த கணக்கையே. ஆகவே தொகுதியை முதலில் இட்டு, காரணிகளின் வரிசையை மாற்றி இருமுறை செய்து பாருங்கள். வெறும் சராசரிகளுக்குப் பதிலாக, சமநிலை குலைந்ததைக் கணக்கில் எடுத்துச் சீராக்கிய சராசரிகளை அறிக்கையில் கொடுங்கள். பதினாறில் இரண்டு என்பதால் முடிவு தலைகீழாகாது என்பது என் எதிர்பார்ப்பு.

அதைவிட முக்கியமாக நான் பார்ப்பது, மாடுகள் எந்தத் துண்டுகளை மேய்ந்தன என்பதை. வரம்போரம் இருந்ததால் அகப்பட்டவையா, யூரியா கூடிப் பச்சையாக நின்றதால் தேடிப்போய் மேய்ந்தவையா? இரண்டாவதாயின் இழப்புக்கும் பரிகரிப்புக்கும், அதாவது அத்துண்டுக்கு நாம் இட்டதற்கும், தொடர்பிருக்கிறது. அதை எந்த மென்பொருளும் தானாகக் கண்டுபிடிக்காது. துண்டுகளின் இடத்தையும் அப்போதைய பயிர் நிலையையும் வயற் குறிப்பேட்டில் இப்போதே எழுதிவைத்து, மேற்பார்வையாளரிடம் காட்டிய பின் கணக்கைத் தொடங்குங்கள்.