பிரசெல்ஸ் சட்டம்: கடிதத்தை யாருக்கு எழுதுவது?

கேள்வி: கோபன்ஹேகனில் சிறு தொழில் நடத்துகிறேன், டென்மார்க் குடியுரிமை உண்டு. ஐரோப்பிய ஆணையத்தின் புதிய சட்ட வரைவு என் தொழிலைப் பாதிக்கும். எங்கள் நாட்டு எம்.பி.க்கு எழுதினால் பயன் உண்டா? ஐரோப்பிய ஒன்றியத்தின் அமைப்பையே திருத்தும் பேச்சில் எங்கள் நாடாளுமன்றத்துக்குப் பங்கு இருக்கிறதா?

பதில்: ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினருக்கும் எழுதுங்கள், ஆனால் முதல் கடிதம் உங்கள் நாட்டு எம்.பி.க்குப் போகட்டும்.

எல்லோரும் பேசுவது ‘மஞ்சள் அட்டை’ பற்றி. ஒன்றியத்தின் விதிகளைத் திருத்தி 2009இல் நடைமுறைக்கு வந்த லிஸ்பன் ஒப்பந்தப்படி, வரைவு கிடைத்த 8 வாரங்களுக்குள், ‘இதை நாடுகளே பார்த்துக்கொள்ளும், ஒன்றியம் தலையிட வேண்டாம்’ என்று நாடாளுமன்றங்கள் காரணம் காட்டி எழுதலாம். நாட்டுக்கு 2 வாக்குகள், மொத்தம் 54. பொதுவாக மூன்றில் ஒரு பங்கு சேர்ந்தால் அதுவே மஞ்சள் அட்டை; ஆணையம் வரைவை மறுபரிசீலனை செய்தாக வேண்டும். கைவிட வேண்டிய கட்டாயம் இல்லை.

2012இல் வேலைநிறுத்த உரிமை தொடர்பான வரைவுக்கு எதிராக 19 வாக்குகள் சேர்ந்தன. அதில் முன்கை எடுத்தது டென்மார்க் நாடாளுமன்றம். ஆணையம் வரைவைத் திரும்பப் பெற்றது. ஆனால் நாடாளுமன்றங்களின் வாதத்தை அது ஏற்கவில்லை; உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் கூடும் கவுன்சிலிலும் ஐரோப்பிய நாடாளுமன்றத்திலும் ஆதரவு கிடைக்காது என்பதையே காரணமாகச் சொன்னது. 2016இல், வேறு நாட்டுக்கு வேலைக்கு அனுப்பப்படும் தொழிலாளர்கள் குறித்த வரைவை 11 நாடுகளின் நாடாளுமன்றங்கள் ஆட்சேபித்தன. ஆணையம் அசையவில்லை, 2018இல் அது சட்டமாயிற்று. அட்டையை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

பிடி இருப்பது உங்கள் நாட்டு அமைச்சரிடம். கவுன்சிலில் வாக்களிப்பவர் அவர்தான். அவருடைய கையைக் கட்டும் உரிமை உங்கள் நாடாளுமன்றத்துக்கு இருக்கிறது. முக்கியமான விஷயமானால், பிரசெல்ஸுக்குப் புறப்படுமுன் அமைச்சர் நாடாளுமன்றத்தின் ஐரோப்பிய விவகாரக் குழுவின் முன் வந்து, தாம் என்ன பேசப்போகிறார் என்பதை வாய்மொழியாகச் சொல்ல வேண்டும். எதிர்க்கும் கட்சிகளின் இடங்களைக் கூட்டினால் அவையில் பெரும்பான்மை வருமானால், அந்த நிலைப்பாட்டோடு அவர் போக முடியாது. ஐரோப்பாவில் பல நாடாளுமன்றங்கள் வெறும் அறிக்கை கேட்டுத் தலையாட்டும்போது, இது அருமையான அதிகாரம். குடிமக்கள் இதைப் போதிய அளவு பயன்படுத்துவதில்லை என்பது என் ஆதங்கம்.

ஆகவே கடிதத்தின் வாதம் காலத்தைப் பொறுத்தது. 8 வாரங்களுக்குள் என்றால், டென்மார்க் சட்டமே இதைச் சமாளிக்கும் என்று காட்டுங்கள். அந்த நேரத்தில் உள்ளடக்கம் பற்றிய குறைகள் எடுபடாது. அதன்பின் என்றால், எந்த உட்பிரிவு, அதில் என்ன மாற்றம், உங்கள் தொழிலில் அதனால் நேரும் செலவு எவ்வளவு என்று ஒரே பக்கத்தில் எழுதி, அமைச்சருக்கு நிபந்தனை விதிக்கக் கோருங்கள். குழுவில் இருக்கும் எல்லாக் கட்சிகளுக்கும் அனுப்புங்கள்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அங்கே நாடாளுமன்றங்களின் குரல் இன்னும் வலுவானது. ஒன்றியத்தின் அடிப்படை ஒப்பந்தங்களைத் திருத்த மாநாடு கூட்டினால் அவற்றின் பிரதிநிதிகள் அதில் அமர்வார்கள். 2023 நவம்பரில் ஐரோப்பிய நாடாளுமன்றம் கேட்டது அப்படியொரு மாநாட்டைத்தான். ஒருமனதாக முடிவெடுக்கும் துறையொன்றைப் பெரும்பான்மை வாக்குக்கு மாற்றும் பொது வழியில், 6 மாதங்களுக்குள் ஒரே ஒரு நாட்டின் நாடாளுமன்றம் மறுத்தாலும் முயற்சி அதோடு நின்றுவிடும். டென்மார்க்கின் இறையாண்மை அதிகாரம் ஒன்றியத்துக்குப் போகுமானால், 179 உறுப்பினர்களில் ஆறில் ஐந்து பங்கினரின் ஆதரவு வேண்டும். அது கிடைக்காமல் சாதாரணப் பெரும்பான்மை மட்டும் இருந்தால், அரசு அதைக் கைவிட வேண்டும், இல்லையேல் உங்களிடமே பொதுவாக்கெடுப்புக்கு வர வேண்டும்.