கிட்டலேலேயா, உகுலேலேயா? நெல்லைச் சீமையிலிருந்து ஆறு கேள்விகள்

மகளுக்கு எட்டு வயது. சர்ச் கொயரில் கிட்டார் வாசிக்க ஆசைப்படுகிறாள். கை சின்னது. கிட்டலேலே வாங்கலாமா, உகுலேலே போதுமா?
– பாளையங்கோட்டை வாசகி

உகுலேலே என்பது நாலு நைலான் தந்தி போட்ட குட்டிக் கருவி; கிட்டலேலே கிட்டத்தட்ட அதே அளவில் ஆறு தந்தி போட்ட குட்டிக் கிட்டார். கிட்டலேலே குட்டியாக இருப்பதால் சின்னக் கைக்கு எளிது என்று எண்ணிவிட வேண்டாம். நீளத்தில் பிள்ளை, அகலத்தில் அப்பன் அது. யமஹா ஜிஎல்1-ஐ எடுத்துக்கொண்டால் நட்டிலிருந்து (தலைப்பக்கம் தந்தியைத் தாங்கும் பட்டை) சேடில் (உடல் பக்கம் தாங்கும் பட்டை) வரை தந்தி நீளம் 433 மி.மீ., நட்டின் அகலம் 48 மி.மீ. பெரியவர்கள் வாசிக்கும் ஸ்டீல் தந்தி அக்கூஸ்டிக் கிட்டாரின் நட்டே 43 மி.மீ. அளவில்தான் இருக்கும். எட்டு வயது விரல் ஆறாவது தந்தியை எட்டத் திணறும்.

‘கான்செர்ட்’ எனும் நடுத்தர அளவு உகுலேலேயில் தந்தி நீளம் சுமார் 380 மி.மீ., நட் 35 முதல் 38 மி.மீ. வரை, தந்தி நான்கே. சி கார்டுக்கு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) ஒரே விரல், மூன்றாம் பிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடு; அதற்கு முந்தைய கட்டத்தையும் அப்படியே சொல்வோம்). ஏ மைனருக்கும் ஒரே விரல். எஃப்புக்கு இரண்டு. முதல் வாரத்திலேயே ஒரு பாட்டு வந்துவிடும். சோப்ரானோ அளவு (345 மி.மீ. சுமார்) இன்னும் சின்னது, ஆனால் வளர்கிற பிள்ளைக்கு இரண்டு வருடத்தில் நெருக்கமாகிவிடும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. கிட்டார் வகுப்பில் சேர்த்தாகிவிட்டது, மற்ற பிள்ளைகள் கையில் கிட்டார் இருக்கிறது என்றால் இரண்டுமே வேண்டாம், அரை அளவு கிட்டார் வாங்குங்கள். காரணம் அடுத்த பதிலில்.

அண்ணாச்சி, கிட்டலேலே வாங்கி ரெண்டு மாசம் ஆச்சு. கீபோர்டு வாசிக்கிறவர் ஜி-ன்னு சொன்னா நானும் ஜி-தான் பிடிக்கேன். ஆனா சத்தம் ஒட்டவே மாட்டேங்கு. டியூனர்ல எல்லாம் சரியாத்தான் காட்டுது.
– சுரண்டை வாசகர்

கருவியிலும் பழுதில்லை, உங்கள் காதிலும் பழுதில்லை. கிட்டாரின் தந்திகள் தடித்ததிலிருந்து மெல்லியது வரை ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. கிட்டலேலேயில் ஏ, டி, ஜி, சி, ஈ, ஏ. அதாவது கிட்டாரில் ஐந்தாம் பிரெட்டில் கேப்போ (எல்லாத் தந்தியையும் சேர்த்து அழுத்தும் கிளிப்) போட்டது போல, எல்லாமே ஐந்து அரைச்சுரம் மேலே. நீங்கள் பிடித்தது கிட்டாரின் ஜி பிடி (கார்டுக்கு விரல் வைக்கும் முறை), ஒலித்தது சி. கீபோர்டில் ஜி, உங்களிடம் சி, எப்படி ஒட்டும்?

மனப்பாடம் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: சி பிடி எஃப் ஆக ஒலிக்கும், ஜி பிடி சி ஆக, டி பிடி ஜி ஆக, ஏ பிடி டி ஆக, ஈ பிடி ஏ ஆக. மைனரும் அதே கணக்கு: ஈ மைனர் பிடித்தால் ஏ மைனர், ஏ மைனர் பிடித்தால் டி மைனர். ஆகவே பாட்டு ஜி-யில் என்றால் நீங்கள் டி பிடியிலிருந்து தொடங்குங்கள்.

சுருதிக் கட்டைக் கணக்கில் பாடுகிறவர்களுக்கு: 1 கட்டை சி, அதற்கு ஜி பிடி. 5 கட்டை ஜி, அதற்கு டி பிடி. ஐந்தரை என்றால் அதே டி பிடி, முதல் பிரெட்டில் கேப்போ. 3 கட்டை, அதாவது ஈ, கொஞ்சம் சங்கடம். பி பிடி கேட்கும், பாரே (ஒரே விரலால் பல தந்தியை அழுத்துவது) போட வேண்டிவரும். அதற்கு இரண்டாம் பிரெட்டில் கேப்போ மாட்டி ஏ பிடி பிடித்தால் வேலை முடிந்தது.

எல்லாரும் ஒத்துக்கொண்டால் இன்னொரு வழியும் இருக்கிறது. கீபோர்டில் டிரான்ஸ்போஸை (சுருதியை ஏற்றி இறக்கும் வசதி) +5 வைத்துவிட்டால் இருவரும் ஒரே பெயரைச் சொல்லி வாசிக்கலாம். கூட கிட்டார் இருந்தால் அதில் ஐந்தாம் பிரெட்டில் கேப்போ. பாடுகிறவரின் சுருதியும் அதோடு ஏறும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் சரணத்தில் மூச்சு முட்டி உங்களைத்தான் முறைப்பார்.

உகுலேலேயில் இந்தக் குழப்பம் ஏன் இல்லை? அதன் பிடிகளுக்கு அது ஒலிக்கிற சுரத்தின் பெயரையே வைத்திருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், கிட்டலேலேயின் மெல்லிய நான்கு தந்தியும் ‘லோ ஜி’ (நாலாவது தந்தியை ஒரு ஸ்தாயி கீழே வைத்த) உகுலேலேயும் ஒன்றேதான். மேல் இரண்டு தடித்த தந்திகளைத் தொடாமல் உகுலேலே புத்தகத்தைப் பார்த்து வாசித்தால் கீபோர்டோடு நேராகவே ஒட்டும்.

கிட்டலேலேயை அப்படியே இறக்கி ஈ-யில் டியூன் செய்தால் கிட்டார் ஆகிவிடாதா? செய்து பார்த்தேன், தந்தி கொழகொழவென்று ஆகி பிரெட்டில் உரசி இரைகிறது.
– அம்பாசமுத்திரம் வாசகர்

ஆகாது. தந்தியின் இழுவிசை, நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 650 மி.மீ. கிளாசிக்கல் கிட்டாருக்கான நைலான் தந்தியை 433 மி.மீ.-இல் கட்டி அதே ஈ-க்கு வைத்தால் இழுவிசை பாதிக்கும் கீழே, சுமார் 44 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அப்புறம் உரசாமல் என்ன செய்யும்? அதே தந்தியை ஏ-க்கு ஏற்றினால் சுமார் 79 சதவீதம் வரும். அதனால்தான் கிட்டலேலே ஏ-யில் பிறந்தது. அந்தக் குறையையும் சரிக்கட்ட ‘ஹார்ட் டென்ஷன்’ (இழுவிசை கூடிய) கிளாசிக்கல் தந்தி போட்டால் சத்தம் திடமாகும்.

ஈ-யில்தான் வேண்டும் என்றால் அதற்கென்றே தடித்த தந்தி செட் விற்கிறார்கள். நட்டின் பள்ளத்தில் தந்தி உட்காராவிட்டால் பள்ளத்தை மெல்ல அகலப்படுத்த வேண்டும், ஆழப்படுத்திவிடக் கூடாது. இவ்வளவும் செய்தபின்னும் அந்தக் குட்டிப் பெட்டியில் தடித்த ஈ தந்தி அமுங்கித்தான் கேட்கும். கிட்டார் சுருதியில் சின்னக் கருவி தேடுகிறவர்கள் பாரிடோன் உகுலேலேயைப் பாருங்கள்: டி, ஜி, பி, ஈ, கிட்டாரின் மெல்லிய நான்கு தந்தி அப்படியே.

உகுலேலேயில் நாலாவது தந்தி மூன்றாவதைவிட மெல்லிசாக இருக்கிறது. கடையில் மாற்றிக் கட்டிவிட்டார்களோ?
– சங்கரன்கோவில் வாசகி

இல்லை, அதுதான் அதன் முறை. நாலாவது ஜி, மூன்றாவது சி-யைவிட உயர்ந்த சுரம். உகுலேலேயின் அந்தக் குலுங்கல் ஒலி அதிலிருந்துதான் வருகிறது. தனிமெட்டு வாசிக்கக் கீழ்ச்சுரம் தேவைப்படுகிறவர்கள் ‘லோ ஜி’ தந்தி தனியாக வாங்கிக் கட்டுவார்கள். இருக்கிற மெல்லிய தந்தியையே ஒரு ஸ்தாயி இறக்க முயல வேண்டாம், தொங்கிப்போகும்.

எனக்குத் தடித்த விரல். கடையில் போய் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?
– திசையன்விளை வாசகர்

தடித்த விரலுக்கு உகுலேலேதான் தோது, அதிலும் டெனர் (430 மி.மீ. சுமார்). கிட்டலேலேயின் தந்தி நீளமும் கிட்டத்தட்ட அதுதான், ஆனால் அங்கே ஆறு தந்தி நெருங்கி நிற்கும். அடுத்தடுத்த தந்திக்கு இடையே ஏறத்தாழ 8 மி.மீ., உகுலேலேயில் 9 மி.மீ.-க்கு மேல். முதல் பிரெட்டின் அகலம் இரண்டிலும் 24 மி.மீ. அளவு, முழு கிட்டாரிலோ 36. கிட்டலேலேயில் ஏ பிடிக்கு மூன்று விரலை ஒரே பிரெட்டில் திணித்துப் பாருங்கள், தெரிந்துவிடும்.

போகும்போது நாலு ஏடிஎம் கார்டு போதும். நாலையும் அடுக்கினால் சுமார் 3 மி.மீ. பன்னிரண்டாம் பிரெட்டுக்கும் தந்திக்கும் நடுவே அந்த அடுக்கு தாராளமாக நுழைந்து ஆடினால் தந்தி உயரம் அதிகம், விரல் நோகும். உகுலேலேக்கு மூன்று கார்டு இறுக்கமாக நுழைவது நல்ல அளவு. பிறகு ஒவ்வொரு தந்தியையும் மூன்றாம் பிரெட்டில் அழுத்தி, முதல் பிரெட்டின் மேல் பாருங்கள்: தலைமுடி அளவு இடைவெளி இருக்க வேண்டும். அதிகம் இருந்தால் நட் உயரம். முதல் பிரெட்டில் பிடிக்கிற சுரமெல்லாம் சுருதி ஏறி ஒலிக்கும். கடைசியாக, போனில் டியூனர் போட்டு பன்னிரண்டாம் பிரெட்டில் ஹார்மானிக்கையும் (தந்தியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும் ஒலி) அழுத்திய சுரத்தையும் ஒப்பிடுங்கள். 10 சென்டுக்கு (அரைச்சுரத்தில் பத்தில் ஒரு பங்கு) மேல் விலகினால் வேறு கருவி கேளுங்கள். சின்ன நீளத்தில் சின்னத் தவறும் பெரிதாகக் கேட்கும். திருவிழாக் கடையில் தொங்கும் பிளாஸ்டிக் பொம்மைகள் இந்தச் சோதனை எதிலும் தேறாது.

புதுத் தந்தி ஒரு வாரம் வரை இறங்கிக்கொண்டே இருக்கும். நைலான் இழுபடுகிறது, அவ்வளவே. கருவியைத் திருப்பிக் கொடுக்க ஓட வேண்டாம்.

குற்றாலத்தில் வீடு. சாரல் காலத்தில் கருவி கெட்டுவிடுமா? கம்பித் தந்தி போட்டால் சத்தம் கூடுமாமே?
– குற்றாலம் வாசகர்

ஈரம் ஒத்துக்கொள்வது லேமினேட் (மெல்லிய அடுக்குகளை ஒட்டிய) பலகைக்கு. திடப்பலகை மேல்முகம் ஒலியில் ஒரு படி மேல்தான், ஆனால் சாரலில் உப்பி, கத்திரி வெயிலில் சுருங்கி, வெடிப்பு விடக்கூடும். சாரலும் கத்திரியும் மாறி மாறி வரும் நம் பக்கத்துக்கு முதல் கருவி லேமினேட் போதும். சுவரில் தொங்கவிடாமல் உறையில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். உவரி, மணப்பாடு பக்கம் உப்புக்காற்றில் முதலில் போவது டியூனிங் கீயும், கிட்டலேலேயின் கம்பி சுற்றிய மூன்று தடித்த தந்திகளும்தான். வாசித்ததும் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டால் நாள்படும். எந்த ஊரானாலும் மே மாதம் பூட்டிய காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள், பிரிட்ஜைப் (மேல்பலகையில் தந்தி கட்டும் கட்டை) பிடித்திருக்கும் பசை இளகும்.

கம்பித் தந்தி, அதாவது ஸ்டீல் தந்தி, கிட்டலேலே, உகுலேலே இரண்டிலும் கூடாது. லைட் கேஜ் (மெல்லிய) ஸ்டீல் செட் ஒன்று முழு கிட்டாரில் மொத்தம் 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். நைலானுக்காக மெலிதாகச் செய்த மேல்பலகை அதைத் தாங்காது: முதலில் பிரிட்ஜுக்குப் பின்னால் வயிறு தள்ளும், பிறகு பிரிட்ஜே பெயர்ந்து கையில் வரும்.