கணிதத்தில் அரியர், ஆனால் ஜிபிஏ 8.11: ஓர் அம்மாவின் கேள்விக்குப் பதில்

அம்மா, வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பிளஸ் டூவில் 600-க்கு 558 வாங்கிய பையன், பொறியியல் கல்லூரியில் முதல் செமஸ்டரிலேயே கணிதத்தில் அரியர் வைத்துவிட்டான். கேட்டால், கைப்பேசிச் செயலியில் கிரேடுகளைத் தட்டிவிட்டு "ஜிபிஏ 8.11 வருதும்மா, கவலைப்படாதே" என்கிறான். ஒரு பாடத்தில் ஃபெயில் ஆனவனுக்கு எப்படி 8.11 வரும், பிள்ளை பொய் சொல்கிறானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பொய் சொல்லவில்லை. கணக்கு சரிதான். ஆனால் அந்த எண் உங்களுக்குச் சொல்ல வேண்டிய முக்கியமான ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. அதை நான் பொறுமையாக விளக்குகிறேன். ஒரு பேனாவும் தாளும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அவன் படிக்கும் கல்லூரி அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரி, 2021 விதிமுறை (பாடத்திட்டமும் தேர்வு விதிகளும் அடங்கிய தொகுப்பு). இதில் மதிப்பெண்ணுக்குப் பதிலாகக் கிரேடு எழுத்து வரும். ஓ என்றால் 10 புள்ளி, ஏ பிளஸ் 9, ஏ 8, பி பிளஸ் 7, பி 6, சி 5. யூ என்று வந்தால் திரும்ப எழுத வேண்டும், அதுதான் அரியர். இத்தோடு ஒவ்வொரு பாடத்துக்கும் கிரெடிட் என்று ஒரு எடை உண்டு. வாரத்துக்கு ஒரு மணி வகுப்பு என்றால் ஒரு கிரெடிட். ஆய்வகத்துக்கு இரண்டு மணி சேர்ந்தால்தான் ஒரு கிரெடிட். ஒவ்வொரு பாடத்தின் புள்ளியையும் அதன் கிரெடிட்டால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுத்தால் ஜிபிஏ. எல்லா செமஸ்டருக்கும் சேர்த்து இதையே செய்தால் சிஜிபிஏ. காய்கறிக் கடையில் ஒவ்வொரு காயின் விலையையும் அதன் கிலோவால் பெருக்கிக் கூட்டுகிறோமே, அதே கணக்குதான்.

இப்போது நீங்கள் அனுப்பிய அவனுடைய கிரேடுகளைப் போட்டுப் பார்ப்போம். ஆங்கிலம் 3 கிரெடிட், ஏ: 24. இயற்பியல் 3, பி: 18. வேதியியல் 3, பி பிளஸ்: 21. பைத்தான் 3, ஏ: 24. தமிழர் மரபு 1, ஏ பிளஸ்: 9. (ஒரே ஒரு கிரெடிட்தான் என்றாலும் அந்தப் பாடத்தை அவன் அக்கறையாகப் படித்திருப்பது எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி.) பைத்தான் ஆய்வகம் 2, ஓ: 20. இயற்பியல் வேதியியல் ஆய்வகம் 2, ஓ: 20. ஆங்கில ஆய்வகம் 1, ஓ: 10. கூட்டினால் 146. கிரெடிட் 18. வகுத்தால் 8.11.

கணிதம் எங்கே? அங்கேதான் விஷயம். முதல் செமஸ்டரின் மொத்தக் கிரெடிட் 22. அதில் கணிதம் மட்டும் 4, மற்ற எல்லாப் பாடத்தையும்விடக் கனமானது. ஆனால் யூ கிரேடு வாங்கிய பாடத்தை ஜிபிஏ கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது விதி. பூஜ்யம் என்றுகூடப் போடமாட்டார்கள், அந்த 4 கிரெடிட்டையே கணக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள். அதனால்தான் தோற்ற பாடம் சராசரியை இறக்கவே இல்லை.

அடுத்து நடக்கப்போவதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அப்போது மறுபடி பயப்படுவீர்கள். அவன் கணிதத்தை எழுதி சி வாங்கித் தேறுகிறான் என்று வையுங்கள். 5 புள்ளி, 4 கிரெடிட், 20. மொத்தம் 166, கிரெடிட் 22. ஜிபிஏ 7.55! அரியரை முடித்த பிறகு எண் குறைகிறது. "பாஸ் பண்ணின பிறகு எப்படிக் குறையும்" என்று அவனைத் திட்டிவிடாதீர்கள். முடிக்காமல் இருந்தபோது தெரிந்த 8.11 அரைகுறைக் கணக்கு, 7.55தான் முழுக் கணக்கு.

இன்னொன்றும் பார்த்தேன். மூன்று ஆய்வகங்களிலும் ஓ வாங்கியிருக்கிறான், நல்லது. ஆனால் ஆய்வகத்தில் 100-க்கு 60 மதிப்பெண் கல்லூரியே போடும் இன்டர்னல். ஒழுங்காகப் போய் ரெக்கார்டு எழுதும் பிள்ளைகளுக்கு அங்கே நல்ல கிரேடு வந்துவிடும். ஆய்வகங்களை ஒதுக்கிவிட்டு எழுத்துத் தேர்வுப் பாடங்களை மட்டும், கணிதம் சி என்று வைத்துக் கணக்கிட்டால் 17 கிரெடிட்டுக்கு 116, அதாவது 6.82. அவனுக்கு எங்கே உதவி வேண்டும் என்பதை எனக்குச் சொல்வது இந்த எண். அதனால் இனி ரிசல்ட் வரும்போது ஜிபிஏ எவ்வளவு என்று கேட்காதீர்கள். எந்தப் பாடத்தில் என்ன எழுத்து என்று கேளுங்கள். 4 கிரெடிட், 3 கிரெடிட் பாடங்களை முதலில் பாருங்கள்.

இன்டர்னல் 36 இருந்தும் கணிதத்தில் எப்படிப் போனது என்று கேட்டீர்கள். எழுத்துப் பாடங்களில் இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. மொத்தத்தில் 50 வந்தால் தேர்ச்சி. ஆனால் செமஸ்டர் தேர்வில் தனியாக 45 சதவீதம் எடுத்தாக வேண்டும், அதாவது 60-க்கு 27. அவன் 36-உடன் 24 எடுத்திருந்தால் மொத்தம் 60 ஆகியிருக்கும், ஆனாலும் யூதான். இன்டர்னல் நிறைய இருக்கிறது என்ற தைரியத்தில் தேர்வுக்குச் சரியாகத் தயாராகாமல் போகும் முதலாண்டுப் பிள்ளைகளை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். மனம் வலிக்கிறது, ஏனென்றால் இந்த ஒரு விதியை யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் பாதிப் பேர் தப்பித்திருப்பார்கள்.

சரி, இந்த அரியரால் என்ன இழப்பு? ஒளிக்காமல் சொல்கிறேன். டிஸ்டிங்ஷனோடு முதல் வகுப்பு என்பதற்கு சிஜிபிஏ 8.50 இருந்தால் மட்டும் போதாது, எல்லாப் பாடத்தையும் முதல் முறையிலேயே தேறியிருக்க வேண்டும். கணிதத்தில் யூ உறுதியானால் அந்தக் கதவு மூடிவிட்டது. முதல் வகுப்புக்கு இதனால் ஆபத்து இல்லை. வேலைக்கு என்று பார்த்தால், வளாகத் தேர்வுக்கு வரும் நிறுவனங்கள் பலவும் பத்து, பன்னிரண்டு, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம் அல்லது 6 சிஜிபிஏ, கையில் ஸ்டாண்டிங் அரியர், அதாவது இன்னும் முடிக்காத அரியர், இருக்கக் கூடாது என்றுதான் கேட்கின்றன. சில நிறுவனங்கள் 7 கேட்கும். முடித்துவிட்ட பழைய அரியரைக்கூடக் கேட்கும் நிறுவனங்களும் உண்டு, ஆனால் அவை குறைவு. யுபிஎஸ்சி குடிமைப்பணித் தேர்வுக்கோ டிஎன்பிஎஸ்சி குரூப் 1-க்கோ டிகிரி முடித்திருந்தால் போதும், சிஜிபிஏ பார்ப்பதில்லை.

நாலு வருட மொத்தத்தில் முதல் செமஸ்டரின் பங்கு எவ்வளவு என்றும் பாருங்கள். நாலு வருடத்துக்கும் சேர்த்து 160-ஐ ஒட்டிய கிரெடிட், பிரிவுக்குப் பிரிவு சற்று மாறும். 162 என்று வைத்துக்கொள்வோம். அதில் 22 கிரெடிட்டுக்கு 166 புள்ளி வந்துவிட்டது. மீதி 140 கிரெடிட்டில் சராசரியாக 8.2 எடுத்தால் 1148. இரண்டும் சேர்ந்து 1314, 162-ஆல் வகுத்தால் 8.11. இன்று செயலியில் காட்டிய அதே எண்ணை நாலு வருடம் கழித்து உண்மையாகவே அவனால் காட்ட முடியும். ஆனால் வளாகத் தேர்வு பெரும்பாலும் ஏழாம் செமஸ்டரில் தொடங்கிவிடும், அப்போது கையில் இருப்பது ஆறு செமஸ்டர் கணக்குதான். அதனால் ஏற்றத்தை இரண்டாம் ஆண்டிலேயே தொடங்க வேண்டும். கடைசி வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் எண் நகராது, கீழே வகுக்கும் கிரெடிட் அதற்குள் பெரிதாகிவிடும்.

அப்புறம், நாத்தனார் மகள் பெங்களூரில் 8.6 வைத்திருக்கிறாள், பக்கத்து வீட்டுப் பையன் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் 9.1 என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த ஒப்பீட்டை தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஒவ்வொரு இடத்திலும் அளவுகோல் வேறு. வேலூர் விஐடியில் பெரும்பாலான பாடங்களுக்கு ஒப்பீட்டு முறை. வகுப்பின் சராசரியையும் அதிலிருந்து மதிப்பெண்கள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதையும் வைத்து எஸ், ஏ, பி என்று பிரிப்பார்கள். ஒரே 78 ஒரு வகுப்பில் 9 புள்ளியாகவும் இன்னொரு வகுப்பில் 8 ஆகவும் மாறலாம். சதவீதமாக மாற்றுவதிலும் இதே நிலைமை. அண்ணா பல்கலைக்கழகத்தில் சிஜிபிஏ-வைப் பத்தால் பெருக்கினால் போதும். கர்நாடகத்தின் விடியு-வில் (விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) 0.75 கழித்துவிட்டுப் பத்தால் பெருக்குவார்கள், எனவே 8.6 என்பது 78.5 சதவீதம். ஹைதராபாத் ஜேஎன்டியு-வில் (ஜவஹர்லால் நேரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) கழிப்பது 0.5. சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பில் கிரேடு முறை இருந்த காலத்தில் 9.5-ஆல் பெருக்கச் சொன்னார்கள். விண்ணப்பத்தில் சதவீதம் கேட்டால் அவனவன் பல்கலைக்கழகத்தின் சூத்திரத்தைத்தான் போட வேண்டும், இணையத்தில் கிடைக்கும் ஏதோ ஒன்றைப் போடக் கூடாது.

ஜெர்மனியில் எம்எஸ் படிக்க ஆசைப்படுகிறான் என்றீர்கள். அங்கே 1.0 மிக உயர்ந்தது, 4.0 கடைசித் தேர்ச்சி. நம் கிரேடை மாற்றும் பவேரிய சூத்திரம் இப்படி: அதிகபட்சப் புள்ளியிலிருந்து நீங்கள் எடுத்ததைக் கழித்து, அதை அதிகபட்சத்துக்கும் தேர்ச்சிப் புள்ளிக்கும் உள்ள இடைவெளியால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்று கூட்ட வேண்டும். அவனுக்குத் தேர்ச்சிப் புள்ளி 5. சிஜிபிஏ 8.11 என்றால் 2.1 வரும், 7.55 என்றால் 2.5-ஐத் தொட்டுவிடும். அங்குள்ள பல முதுகலைப் படிப்புகள் 2.5-ஐ எல்லையாக வைத்திருக்கின்றன. உங்கள் மூத்த மகள் படித்த 2017 விதிமுறையில் சி கிரேடே கிடையாது, தேர்ச்சிப் புள்ளி 6. அதே 8.11 அவளுக்கு 2.4 ஆகியிருக்கும். எனவே அக்காவின் எண்ணையும் தம்பியின் எண்ணையும்கூட ஒப்பிட முடியாது. அவனுக்கு ஆசை உண்மையாக இருந்தால் படிப்பு முடியும்போது சிஜிபிஏ எட்டுக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளட்டும், அது எட்டக்கூடிய இலக்குதான்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, அவசரமானது. கணித விடைத்தாளின் நகலுக்கு விண்ணப்பித்தானா என்று இன்றே கேளுங்கள். ரிசல்ட் வந்த சில நாட்களுக்குள் கல்லூரி வழியாக விண்ணப்பிக்க வேண்டும், நகல் வாங்காமல் நேரடியாக மறுமதிப்பீட்டுக்குப் போக முடியாது. மறுமதிப்பீட்டில் தேறினால் நல்லது. தேறாவிட்டாலும் எந்தப் பகுதியில் விட்டான் என்பது நகலில் தெரிந்துவிடும். அணிகளா, நுண்கணிதமா, நேரம் போதவில்லையா என்று பார்த்துவிடலாம். அடுத்த செமஸ்டரில் புள்ளியியலும் எண்முறைகளும் காத்திருக்கிறது, அதுவும் 4 கிரெடிட். இரண்டு கணிதத் தாள்களையும் ஒரே தேர்வுக் காலத்தில் எழுத வேண்டியிருக்கும் என்பதால், அரியர் தாளுக்கு இப்போதிலிருந்தே வாரத்துக்கு மூன்று மாலைகளை ஒதுக்கச் சொல்லுங்கள்.

நகல் கைக்கு வந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். அவனையும் கூட அழைத்து வாருங்கள், ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்ப்போம்.